பழைய பொத்தான் பூட்ஸ்: கைத்தையலா, இயந்திரத் தையலா?

மலர்விழி (லீட்ஸ்)

இங்கிலாந்துப் பழம்பொருள் சந்தை ஒன்றில் பெண்கள் அணியும் கறுப்புத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரம்; வெளிப்பக்கத்தில் வரிசையாகச் சிறு பொத்தான்கள்; அவற்றைத் தாங்கும் மடலின் விளிம்பு அலையலையாக வெட்டப்பட்டிருக்கிறது. குதி உள்வளைந்து அடியில் சற்றே விரிகிறது. அடித்தோலில் தையல் எதுவும் தெரியவில்லை. 1880களில் முழுவதும் கையால் தைக்கப்பட்டது என்றார் விற்றவர். இதை எப்படிச் சரிபார்ப்பது? தோல் சில இடங்களில் வறண்டிருப்பதால் எண்ணெய் பூசலாமா?

ஆம்பூரான்

காலணி மாதிரிகள் செய்யும் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "முழுவதும் கையால்" என்பதை அப்படியே ஏற்க வேண்டாம். மேல்தோல் துண்டுகளை இணைக்கும் தையல் இயந்திரம் 1850களிலேயே இத்தொழிலுக்குள் வந்துவிட்டது. ஆகவே மேல்பாகத் தையலைக் கொண்டு எதையும் முடிவு செய்யாமல், அடித்தோல் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடியில் தையல் கண்ணுக்குத் தெரியாததால் தையலே இல்லை என்று கொள்ள முடியாது. அடித்தோலின் ஓரத்தைச் சாய்வாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் தைத்து, தூக்கிய தோலை மீண்டும் ஒட்டித் தேய்த்து மறைத்துவிடுவார்கள். எனவே விளக்கை வைத்து உள்ளே பாருங்கள். பாதம் படும் மெல்லிய உள்ளுறை பெயர்ந்திருந்து, அதற்குக் கீழே இன்சோலின் (உள் அடித்தோலின்) ஓரமாகத் தையல் வரிசை ஓடினால், அது அமெரிக்கரான லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழி வந்த முறை. இன்சோல், மேல்தோல், அடித்தோல் மூன்றையும் ஒருசேர ஊடுருவித் தைப்பதால் நூல் உள்ளே தெரிந்தே தீரும். உள்ளே தையலின்றி, வெளி விளிம்பைச் சுற்றி வெல்ட் பட்டையும் (மேல்தோலையும் அடித்தோலையும் இணைக்கும் தோல் பட்டை) அதன்மேல் தையலும் இருந்தால், அது கைவேலையாகவும் இருக்கலாம், 1870களில் பரவத் தொடங்கிய, வெல்ட் தைக்கும் குட்இயர் இயந்திர வேலையாகவும் இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் குதி லூயி ஹீல் வகை. என்னைக் கேட்டால், திறமை அளக்க வேண்டிய இடம் அதுதான். மரத்தை வளைவாகச் செதுக்கி, மெல்லிய தோலைச் சுருக்கமின்றிப் போர்த்தி, அடித்தோலைக் குதியின் முன்விளிம்பில் துண்டிக்காமல் அதன் முன்முகத்தின் வழியே கீழ்வரை இறக்கி ஒட்டுவார்கள். வளையும் இடத்தில் தோலைச் சீவும் கனம் சற்றுப் பிசகினாலும் அங்கே புடைக்கும் அல்லது வெடிக்கும். அடிப்பாகம் இயந்திரத்தில் தைக்கப்பட்டிருந்தாலும் இந்த இடம் நன்றாக அமைந்திருந்தால் மதிப்புள்ள ஜோடிதான்.

காலத்துக்கு மேல்தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். சாயம் ஏறாத நடுப்பகுதி நீலச் சாம்பலாக இருந்தால் அது குரோம் முறையில், அதாவது குரோமிய உப்புகளால், பதனிட்டது. அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்கு 1884இல் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவின் ராபர்ட் ஃபோர்டரர் அம்முறையில் பதனிட்ட ஆட்டுத்தோலை "விசி கிட்" என்ற பெயரில் விற்றுப் பரவலாக்கியது 1890களில். சென்னையிலிருந்தும் ஆட்டுத்தோல்கள் அமெரிக்கப் பதனிடும் ஆலைகளுக்கு ஏற்றுமதியாயின. உங்கள் கையில் இருப்பது எங்கள் பக்கத்து ஆடாக இருந்தாலும் வியப்பில்லை.

சேகரிப்பாளர்

வறட்சிக்கு ஆமணக்கெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவினால் போதும். எங்கள் வீட்டுப் பழைய தோல் பெட்டிகளுக்கு அதைத்தான் செய்கிறோம்.

காப்பகப்பணியாளர்

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பெட்டி தினமும் கையாளும் பொருள். இது மெல்லிய ஆட்டுத்தோல். எண்ணெய் தோலைக் கறுக்கச் செய்து, தூசியை ஈர்த்து, நாளடைவில் வெண்பூச்சாக மேலே கசியும். துணி உட்புறத்தில் இறங்கினால் கறையை எடுக்கவே முடியாது. விரல் பட்ட இடத்தில் செந்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோலில் காற்றின் கந்தக மாசு அமிலமாகிச் செய்யும் சிதைவு அது. எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது. மென்தூரிகையால் தூசியை நீக்கி, அமிலமற்ற தாளை உருட்டி உள்ளே நிரப்பி, வெயில் படாத இடத்தில், 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது. அணிந்து பார்க்கவும் வேண்டாம்.

மலர்விழி (லீட்ஸ்)

இருவருக்கும் நன்றி. உள்ளுறை ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. அதன் கீழே இன்சோலில் தையல் வரிசை தெளிவாகத் தெரிகிறது. மடலின் விளிம்பும் நீலச் சாம்பல்தான். செந்தூள் இல்லை. தாளை நிரப்பிய பின் வடிவம் நிற்பதற்குப் பொத்தான்களை மாட்டி வைக்கலாமா?

ஆம்பூரான்

அப்படியானால் 1890களோ அதற்குப் பிந்தையதோ ஆன இயந்திரத் தையல் ஜோடி. விற்றவர் சொன்ன இரண்டுமே பொருந்தவில்லை. பொத்தான்களை விரலால் இழுத்து மாட்ட வேண்டாம், துளையின் ஓரம் கிழிந்துவிடும். அக்காலத்தில் இதற்கென்றே நீண்ட கைப்பிடியுள்ள கொக்கி வைத்திருந்தார்கள். துளைக்குள் அதை விட்டுப் பொத்தானின் காம்பைப் பிடித்து இழுப்பார்கள். அது கிடைத்தாலும் மேலும் கீழுமாகச் சிலவற்றை மட்டும் மாட்டுங்கள்.