ஏற்காடு வளைவில் அணைந்து போகும் வண்டி: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா வைத்திருந்த 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, 1994 மாடல், 12 வோல்ட், சிடிஐ (பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி). சேலத்துக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றுமில்லை. ஏற்காடு ஏறும்போதுதான் வம்பு. இருபது கொண்டை ஊசி வளைவில் பத்தைத் தாண்டியதும், ஹேண்டிலை முழுதாக ஒடிக்கும் இடத்தில் பட்டென்று அணைகிறது. ஹாரன், இண்டிகேட்டர் அப்போதும் வேலை செய்கின்றன. பத்து நிமிடம் நிறுத்தினால் ஒரே கிக்கில் கிளம்பிவிடும். (அதற்குள் போகிற வருகிறவர்கள் எல்லாரும் "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.)

பிளக் புதிது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். இந்த வண்டியில் ஸ்பார்க் பேட்டரியிலிருந்து இல்லாமல் மேக்னெட்டோவிலிருந்து (இன்ஜின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் பாகம்) வருவதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

என் சந்தேகம் இரண்டு. ஹேண்டில் கழுத்தருகே சாவி சுவிட்சுக்குப் போகும் ஒயர் தேய்ந்து பாடியில் படுகிறதா (பட்டால் ஸ்பார்க் நின்றுவிடும்)? அல்லது சூட்டில் பல்சர் காயில் (எப்போது ஸ்பார்க் விட வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்வது) விட்டுவிட்டு அறுகிறதா? வீட்டில் நிறுத்தி ஹேண்டிலை ஆட்டினால் அணையவில்லை, அதுதான் குழப்பம்.

சிடிஐயிலிருந்து அந்தச் சாவி ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை மலையேறிப் பார்க்கலாமா? அப்புறம் சாவியால் அணையாது, கியரில் போட்டு பிரேக் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஐந்து ரோடு, கோரிமேடு பக்கம் பழைய வண்டிக்குப் பொறுமையாக ஒயரிங் பார்ப்பவர் இருந்தாலும் சொல்லுங்கள்.