ஏழு ரூபாய் வோடபோன் ஐடியா: வாங்கலாமா, விட்டுரலாமா? (2025-ல நடந்த பேச்சு)

விளக்குத்தூண் தம்பி
அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். ஜவுளிக்கடையில வேலை பார்க்குறேன். சீட்டு எடுத்த பணம் 40,000 கையில இருக்கு. வோடபோன் ஐடியா மொபைல் கம்பெனிப் பங்கு ஏழு ரூபாய்க்குக் கிடக்கு, ஐயாயிரம் பங்குக்கு மேல வரும். 70-க்குப் போனா தங்கச்சி கல்யாணத்தை முடிச்சுருவேன். போடலாமா?

மேலமாசி வீதி
தைரியமாப் போடுங்க தம்பி, நானும் வச்சிருக்கேன். 2025 ஏப்ரல்ல அரசாங்கம் கம்பெனிகிட்ட இருந்து தனக்கு வரவேண்டிய 36,950 கோடி பாக்கியைப் பங்கா மாத்திக்கிச்சு. இப்ப 48.99 சதவீதம் அவங்க கையில. அவங்க பத்து ரூபாய்க்கு எடுத்ததை நாம ஏழுக்கு எடுக்குறோம். சாக விடுவாங்களா? காத்தாலைக் கம்பெனி சுஸ்லான் பங்கு 2020-ல ரெண்டு ரூபாய்க்குக் கீழ கிடந்துச்சு, 2024-ல 80-ஐத் தாண்டிருச்சு.

திருமங்கலம் டீச்சர்
பத்து ரூபாய்க்கு எடுத்தது விலை நல்லா இருக்குன்னு இல்லை சார். பங்கோட முகமதிப்பே, அதாவது கம்பெனி ஒரு பங்குக்குக் குறிச்சு வச்ச மதிப்பே, 10. அதுக்குக் கீழ புதுப் பங்கு கொடுக்கக் கம்பெனிச் சட்டத்துல இடமில்லை.

தம்பி, ஏழு ரூபாயைப் பார்க்காதீங்க, மொத்தம் எத்தனை பங்குன்னு பாருங்க. 2018-ல வோடபோனும் ஐடியாவும் சேர்ந்தப்ப சுமார் 873 கோடி. 2019-ல ஏற்கெனவே பங்கு வச்சிருந்தவங்களுக்கு 12.50-க்குப் புதுப் பங்கு (ரைட்ஸ்) விட்டதும் 2,873 கோடி. 2023-ல அரசுக்கு ஒரு தடவை, 2024-ல மக்களுக்கு 11 ரூபாய்க்கு, இப்ப மறுபடியும் அரசுக்கு. இன்னைக்கு 10,800 கோடிக்கு மேல. மூணு குறுக்கம் கரிசக்காடு அப்படியேதான் கிடக்கு, பங்காளி மட்டும் பன்னெண்டு மடங்கு. 70 ரூபாய் ஆகணும்னா மொத்தக் கம்பெனியும் ஏழரை லட்சம் கோடி பெறணும்.

மேலமாசி வீதி
பங்காளி சும்மா வரலையே டீச்சர். அரசாங்கம் கடனைக் கழிச்சுக்கிட்டுத்தானே உள்ள வந்துச்சு, அதையும் சொல்லணும்ல? மார்ச்சுல மும்பையில 5ஜி ஆரம்பிச்சாச்சு. இதுவும் போயிட்டா தனியார்ல ஜியோவும் ஏர்டெல்லும்தான் மிச்சம். அதை எந்த அரசாங்கமும் விரும்பாது.

திருமங்கலம் டீச்சர்
கடன் கழிஞ்சது நெசம், ஒத்துக்கிறேன். ஆனா கல்லாவுக்குக் காசு வந்துச்சா? டவர் போடக் காசுல்ல வேணும். இன்னும் அரசுக்கே லட்சம் கோடிக்கு மேல பாக்கி. வங்கிக் கடன் கிடைக்காட்டி 2025-26-க்கு மேல ஓட்ட முடியாதுன்னு கம்பெனியே தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதியிருக்கு. வட்டி, அபராதத்தைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிப் போட்ட மனுவையும் மே 19-ல உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. கம்பெனி பிழைச்சாலும் பிழைக்கும் சார். அதுக்காண்டி இன்னும் எத்தனை பங்காளியைச் சேர்ப்பாங்கங்கிறதுதான் என் பயம்.

உசிலம்பட்டிக்காரன்
எங்க அப்பா 2008-ல இருந்து ஒரு மொபைல் கம்பெனிப் பங்கை இறங்க இறங்க வாங்குனாரு. பேரு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் 'சராசரி விலை குறைஞ்சிருக்கு'ன்னு நோட்டுல எழுதி வைப்பாரு. அந்த நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு. கடைசிப் பக்கத்துல பென்சில்ல '60 பைசா'ன்னு இருக்கும். அதுக்குக் கீழ ஒன்னும் எழுதலை.

மேலமாசி வீதி
படிச்சதும் மனசு கனத்துப்போச்சுங்க. தம்பி, கல்யாணக் காசுன்னு நீங்க சொன்னதை நான் கவனிக்காம விட்டுட்டேன், தப்பு என் மேல. நான் போட்டது போனாலும் வீட்ல அடுப்பெரியும். உங்க காசு அப்படி இல்லை, அதைத் தொடாதீங்க. ஆனா என் பங்கை நான் விக்கிறதா இல்லை டீச்சர், அரசாங்கம் கைவிடாதுன்னு இன்னும் நம்புறேன்.

விளக்குத்தூண் தம்பி
நேத்து ராத்திரி கடை சாத்துனதும் போன வருஷ ஆண்டறிக்கையைப் போன்ல இறக்கிப் பார்த்தேன். கடன் பக்கத்தைக் கண்டுபிடிச்சுட்டேன், ஆனா எல்லாம் மில்லியன்ல போட்டிருக்காங்க. கோடியாக்க எத்தனையால வகுக்கணும் டீச்சர்?

திருமங்கலம் டீச்சர்
பத்தால தம்பி. வகுத்துட்டு, வர்ற தொகையை இங்கயே எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.