இளைஞர் பேண்ட் பற்றிய முதல் படம்: பாட்டு உரிமை, கச்சேரிக் காட்சி ஒலி

கேள்வி:
பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் பேண்ட் நடத்தும் கதை. தயாரிப்பாளர் இல்லாமல் எடுக்கும் முதல் முழுநீளப் படம். ஒத்திகையில் ஒரு பழைய ஹிட் பாட்டை வாசிக்கிறார்கள். திரைப்பட விழாக்களுக்கு மட்டும் அனுமதி வாங்கினால் போதுமா? கச்சேரிக் கூட்டத்துக்கு நடுவே வசனமும் வருகிறது, ஒலியை எப்படிப் பிடிப்பது?

பதில் 1:
ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை. மெட்டும் வரியும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. பிள்ளைகளே வாசித்தால் பதிவுரிமை வேண்டாம், மெட்டுக்கும் வரிக்கும் கட்டாயம் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விழா உரிமம் மலிவு. ஆனால் ஓடிடி கேட்டு வரும்போது உரிமையாளர் சொல்வதுதான் விலை. அதனால் திரையரங்கு, ஓடிடி தொகைகளையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அமெரிக்க இயக்குநர் சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ 1977இல் முடிந்த படம். பாட்டு உரிமைக்கு 1,50,000 டாலர் கட்டிய பிறகு 2007இல்தான் திரையரங்குக்கு வந்தது. அவ்வளவு நல்ல படம் முப்பது வருஷம் முடங்கிக் கிடந்தது! முடிந்தால் அந்தப் பேண்டுக்கென்றே புதுப் பாட்டு எழுத வையுங்கள்.

பதில் 2:
கச்சேரிக்கு பிளேபேக்தான், அதாவது முன்பே பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு அதற்கு நடிப்பது. பாட்டின் கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்து 23.976இல் எடிட் செய்தால் படத்தின் வேகம் 0.1 சதவீதம் குறையும். நாலு நிமிஷப் பாட்டின் கடைசியில் ஆறு ஃபிரேம் தள்ளிப்போய் உதடு ஒட்டாது. இரண்டையும் ஷூட்டிங்குக்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

வசன ஷாட்டில் பாட்டைச் சில நொடி சத்தமாக ஓட்டி, கூட்டம் தாளத்தைப் பிடித்ததும் நிறுத்திவிட்டு, 40 ஹெர்ட்ஸில் வெறும் ‘தும் தும்’ மட்டும் சப்வூஃபரில் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) விடுங்கள். ஆட்டம் தாளம் தவறாது, மைக்கில் வசனம் சுத்தமாக விழும். ஒலிக்கலவையில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் தும் போய்விடும். டிரம்மர் சிம்பலைத் தொடாமல் கையை மட்டும் வீசட்டும்.

கேள்வி கேட்டவர்:
வெட்டினால் குரல் மெலிந்துவிடாதா?

பதில் 2:
ஆண் குரலின் அடிச்சுருதியே பெரும்பாலும் 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான், பயம் வேண்டாம். கெடுப்பது சின்ன ஸ்பீக்கர். 40ஐ அதனால் சுத்தமாகத் தர முடியாது, பிசிறி 80, 120இலும் ஒலிக்கும். அது வசனத்தோடு கலந்துவிட்டால் எந்த ஃபில்டரும் பிரிக்காது. பெரிய சப்வூஃபர், குறைந்த வால்யூம். மேசை மேலிருக்கும் கண்ணாடி டம்ளர்களையும் எடுத்துவிடுங்கள், அதிர்ந்து கிணுகிணுக்கும்.