டிவி திரையில் நிழல் படிவது: வேலூர்ப் பக்கம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காந்தி ரோட்டுக்காரர்:
சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கொல்கத்தாப் பக்கத்துக் குடும்பங்கள்தான் அதிகம், அதனால் வரவேற்பறை டிவியில் விடிந்ததிலிருந்து ராத்திரி வரை ஒரே வங்காளச் செய்திச் சேனல். இப்போது கிரிக்கெட் வைத்தாலும் புல்தரை மேல் அந்தச் செய்திப்பட்டையின் விளிம்புக்கோடும் மூலையில் லோகோவின் வட்டமும் மங்கலாக நிற்கின்றன. சாதாரண எல்இடி டிவிதான். கடைக்காரரிடம் காட்டினால், பேனல் எரிந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று கிட்டத்தட்ட புது டிவி விலை சொல்கிறார். இதில்கூட பர்ன்-இன், அதாவது நின்ற படத்தின் நிழல் திரையில் நிரந்தரமாகப் படிவது, வருமா?

ராணிப்பேட்டை மெக்கானிக்:
எரியவெல்லாம் இல்லை சார். எல்இடி டிவி என்று விற்பதில் பெரும்பாலும் எல்சிடி, அதாவது திரவப் படிகப் பேனல்தான், பின்னால் வெளிச்சத்துக்கு மட்டும் எல்இடி. ஒரே படம் நாள் முழுக்க நின்றால் திரவப் படிகத்துக்குள் இருக்கும் அயனிகள் ஒதுங்கி மின்னேற்றம் தங்கிவிடும், அந்த நிழல்தான் இது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாத மூலையில் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். ஒன்றிரண்டு நாள் அணைத்து வையுங்கள், அப்புறம் வேறு வேறு சேனல் ஓடவிடுங்கள், பெரும்பாலும் மங்கிவிடும். சில பேனலில் முழுக்கப் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய டியூப் டிவி, பிளாஸ்மா இரண்டிலும் கதையே வேறு. அவற்றில் ஒளிவிடும் பாஸ்பர் பூச்சே தேய்ந்துவிடும், தேய்ந்தது திரும்பாது. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 இன்ச் இலவச டிவிகள் என் மேசைக்கு நிறைய வந்தன. அவற்றில் லோகோ நிழலைவிட, பக்கத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்து மூலையில் பச்சையும் ஊதாவும் படிந்ததைத்தான் அதிகம் பார்த்தேன். அது காந்தத்தின் வேலை, தேய்மானம் இல்லை.

குடியாத்தம்:
எங்கள் வீட்டில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. இங்கேயும் அதே "பேனல் போச்சு" பாட்டுதான். ராத்திரி அறை விளக்கை அணைத்து டார்ச்சைத் திரையில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சீரியல் மங்கலாக ஓடிக்கொண்டிருக்கிறது! திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் ஸ்ட்ரிப்பில் எல்இடிகள் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று போனாலே வரிசை முழுக்க இருட்டாகிவிடும். ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றினோம். அதற்கு முன்பே திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, எல்இடி மேல் ஒட்டியிருக்கும் குட்டி லென்ஸ் பசை விட்டு விழுந்ததாம். பேக்லைட்டை நூறில் வைக்காமல் குறைத்தால் சூடு குறையும். எங்கள் அப்பாவிடம் யார் சொல்வது?

காட்பாடி:
என்னுடையது ஓஎல்இடி, நிஜமான பர்ன்-இன். இதில் புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிவிடுகிறது, அதிகம் எரிந்தது அதிகம் மங்கும். முழுச் சிவப்புத் திரை வைத்தால் செய்திப்பட்டை ஓடிய இடம் இருட்டாகத் தெரிகிறது. அம்மா டிவியை நிறுத்தியதும் சுவரில் சுவிட்சையும் அணைத்துவிடுவார், நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இந்த டிவி புள்ளிகளை அளந்து சரிசெய்துகொள்வதே ஸ்டாண்ட்பையில்தான் (ரிமோட்டில் நிறுத்தி, சுவிட்சை அணைக்காமல் விட்ட நிலை), கரண்ட் இல்லையென்றால் அந்த வேலை நடக்காது. இப்போது சுவிட்ச் மேல் செல்லோடேப்.

ராணிப்பேட்டை மெக்கானிக்:
டேப் இருக்கட்டும் தம்பி, இடி மின்னல் நாளில் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெனுவில் உள்ள பெரிய பிக்சல் ரெஃப்ரெஷைச் சும்மா சும்மா போடாதீர்கள், அது போன வெளிச்சத்தைக் கொண்டுவராது, ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும், அவ்வளவுதான். காந்தி ரோட்டு சார், முதலில் அணைத்து வைத்துப் பாருங்கள், கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.