சம்பாவுக்குப் பயிர்க்கடன்: விளைச்சல் கூடுமா, வட்டிதான் மிஞ்சுமா?

வெண்ணாற்றங்கரை:
திருவாரூர் பக்கம். சொந்தத்தில் ஒரு ஏக்கர், வாய்மொழிக் குத்தகையில் இரண்டு ஏக்கர், மூன்றிலும் சம்பா நெல். உரக்கடையில் கடனுக்கு வாங்கி, அறுப்பு முடிந்ததும் அவர்களுக்கே நெல் போட்டுக் கழிப்பது வழக்கம். கூட்டுறவு சங்கக் கடனா, வங்கியின் கிசான் கார்டு என்கிற விவசாயக் கடன் அட்டையா? கடன் கிடைத்தால் விளைச்சலும் கூடும் என்கிறார்களே, எப்படி?

நாற்றங்கால்:
தொகையைவிடத் தேதியைப் பாருங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) முழுவதும் அடியுரமாகக் கடைசி உழவில் போக வேண்டும். எக்டேருக்கு 50 கிலோ என்பது பரிந்துரை; ஏக்கருக்கு, மணிச்சத்துள்ள டிஏபி உரம் ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. நட்டு ஒரு மாதம் கழித்துக் கடன் வந்தால் அந்த மூட்டையால் பெரிய பலன் இல்லை, தூர் (பக்கத் தண்டு) கட்டும் பருவம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

கையில் காசு இல்லாதபோது நடப்பது இதுதான்: அடியுரத்தை விட்டுவிட்டு, மலிவாகக் கிடைக்கும் யூரியாவை (45 கிலோ மூட்டை 266.50 ரூபாய்) ஒரேயடியாக வீசுகிறார்கள். பயிர் கரும்பச்சையாக நிற்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும், கதிர் முற்றும்போது சாயும். தழைச்சத்தை (யூரியா தருவது) அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நாலாகப் பிரித்துப் போட நாலு தடவையும் காசு வேண்டும். கடன் விளைச்சலைத் தொடுவது அங்கேதான். நாற்று விடும்போதே மனு கொடுத்துவிடுங்கள்.

சிட்டா அடங்கல்:
வட்டிக் கணக்கு. கார்டில் மூன்று லட்சம் வரை ஆண்டுக்கு 7%. கெடுவுக்குள் கட்டினால் 3% சலுகை, ஆக 4%. தமிழ்நாட்டில் சங்கக் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 30,000 ரூபாய்க்கு ஆறு மாதம், வெளியில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் 5,400, கார்டில் 600. உரக்கடைக் கடனில் வட்டி என்று எதுவும் எழுதியிருக்காது, மூட்டை விலையிலும் களத்தில் உங்கள் நெல்லுக்குப் போடும் விலையிலும் ஒளிந்திருக்கும்.

கார்டின் வரம்பு: மாவட்டத் தொழில்நுட்பக் குழு அந்தப் பயிருக்கு நிர்ணயித்த அளவைப் பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் 10%, பண்ணைப் பராமரிப்புக்கு 20%, காப்பீட்டுப் பிரீமியம் சேர்ப்பார்கள். அந்த 10% சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் மேலுரத்துக்கு (நட்ட பிறகு போடும் உரத்துக்கு) வைத்த காசைத் தின்றுவிடும். 2025 ஜனவரி 1 முதல் இரண்டு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது.

இடறும் இடம் கெடு தேதி. ஒரு நாள் தவறினாலும் 3% போச்சு. அதற்காகக் கந்துவட்டிக்கு இரண்டு நாள் வாங்கிக் கட்டி, வங்கிக் கடனைப் புதுப்பித்து அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வங்கியில் புதுப்பித்தல் ஒரு வாரம் இழுத்தால் கந்துவட்டிக்காரரிடம் மீட்டர் ஓடும். புதுப்பிப்புப் பத்திரங்களில் கையெழுத்து முடிந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

களத்துமேடு:
தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருக்காதீர்கள். 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடியானது உண்மை. அதை நம்பி ஒரு பருவம் நிலுவை வைத்தால் அடுத்த சம்பாவுக்குப் புதுக்கடன் கிடைக்காது, மறுபடி உரக்கடைதான். அறுப்பு சமயத்தில் விலை விழுந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் எடுக்க மாட்டார்கள், நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி. குத்தகை இரண்டு ஏக்கருக்கு அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) நிலக்காரர் பெயரில் இருக்கிறதே?

சிட்டா அடங்கல்:
முதலில் அதே சர்வே எண்ணில் அவரே கடன் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் சங்கத்தில் உங்கள் மனு நிற்காது. இல்லையென்றால் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) சான்று வாங்கப் பாருங்கள். பின்னால் நீங்கள் குத்தகை உரிமை கோருவீர்களோ என்று பயந்து நிலக்காரர்கள் தயங்குவார்கள், பொறுமையாகப் பேசுங்கள். அதுவும் ஆகாவிட்டால் 4 முதல் 10 பேர் சேரும் கூட்டுப் பொறுப்புக் குழு. பத்திரம் இல்லாத குத்தகைக்காரர்களுக்காகவே வந்த ஏற்பாடு அது. ஒருவர் கட்டாவிட்டால் எல்லோர் தலையிலும் விழும், உறவு முறைக்காக யாரையும் சேர்க்காதீர்கள்.