உடும்பு ஏழு நாளாகத் தீனி தொடவில்லை, என்ன செய்வது?

மஸ்ராக்காரன்:
சவூதியில் ஹஃபர் அல் பாத்தின் பக்கம் ஆட்டு மஸ்ராவில் (பண்ணையில்) வேலை செய்கிறேன். நவம்பர் தொடக்கத்தில் வேலி வலையில் சிக்கிக் கிடந்த ஓர் உடும்பை எடுத்துவந்து, கொட்டகைக்குள் பாதியாக வெட்டிய தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். காலில் இருந்த கீறல் ஆறிவிட்டது. ஆனால் முட்டை, கோழித்துண்டு எதையும் தொடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. மூக்கைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு; உடம்பு கறுத்துக் கிடக்கிறது. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கருவேலம்:
வால் சாட்டைபோல ஒல்லியாக நீண்டிருக்கிறதா, முள் வளையங்களோடு தடித்திருக்கிறதா?

மஸ்ராக்காரன்:
தடித்த வால் அண்ணா, சுற்றிலும் முள். கையை நீட்டினால் அதைத்தான் வீசுகிறது.

கருவேலம்:
அப்படியானால் அது உடும்பே அல்ல தம்பி. அரபிகள் ‘தப்’ என்று சொல்லும் முள்வால் பல்லி. உடும்பு கறி தின்னும். இது இலை, பூ, விதை தின்கிற பிராணி. குட்டிகள் பூச்சிகளையும் பிடிக்கும். முட்டையை உடனே எடுத்துவிடுங்கள்.

மூக்கில் இருப்பது நோய் அல்ல. தின்ற தழையில் மிஞ்சிய உப்பை மூக்குச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. அது காய்ந்த தடம். தனக்கு வேண்டிய நீரைத் தழையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கிண்ணத்தைத் தேடாது.

உண்மையான சிக்கல் குளிர். உடம்பு குளிர்ந்திருந்தால் தோல் கறுக்கும். வெயிலை நன்றாக இழுத்துக்கொள்ளத்தான் அந்தக் கறுப்பு. சூடேறினால் வெளுத்து மஞ்சளாகும். சூடு இல்லாமல் தின்றாலும் செரிக்காது. கொட்டகை நிழலில் அது எப்படித் தின்னும்? காலையில் தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள், ஒரு மூலையில் மட்டும் நிழல் இருக்கட்டும். ஆட்டுக்குப் போடும் பர்சீம் தழையில் ஒரு பிடி போதும்.

பாலைநடை:
வளர்க்க நினைக்க வேண்டாம். குளிர்காலத்தை வளைக்குள் முடங்கிக் கழிக்கும் பிராணி அது. இப்போதே, எடுத்த இடத்திலேயே விட்டால்தான் தன் வளைக்குப் போய்ச் சேரும். வேறு இடத்தில் விட்டால் கெட்டித் தரையில் புதிதாகத் தோண்டவேண்டி வரும். கறிக்கு யாராவது கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். வேட்டையால் அருகிவருகிற இனம்.

மஸ்ராக்காரன்:
நன்றி அண்ணா. பக்கத்து மஸ்ராவில் கறிக்குக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். முதல் நாள் மதியமே முதுகு மஞ்சளானது. நேற்று பர்சீம் தின்றது. இன்று பதினொரு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வளை வாயில் இறக்கிவிட்டேன். சிறிது நேரம் அசையாமல் கிடந்து, பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது. அந்த வலையையும் அறுத்து எடுத்துவிட்டேன்.