யாராலும் வீழ்த்த முடியாத ஹீரோ: எங்கே பிடித்தது, எங்கே விட்டுப்போனது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அறிவியல் புனைவுப் படத் தொடர்களில் ஹீரோவுக்கு எல்லாமே முடிகிறது என்றால் கதையை ஒழுங்காக எழுதவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். 2015 டிசம்பரில் 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ரூம் நண்பர்களிடம் கேட்ட முதல் கேள்வியே "இந்த ரே பொண்ணுக்கு எப்படிடா எல்லாம் வருது?" என்பதுதான். ஃபால்கன் விண்கப்பலை ஓட்டுகிறாள், ரிப்பேர் பார்க்கிறாள், யாரும் சொல்லித்தராமலே காவலுக்கு நின்ற வீரனின் மனதை வளைத்து விலங்கைக் கழற்ற வைக்கிறாள், கடைசியில் முறையாகப் பயிற்சி எடுத்த வில்லன் கைலோ ரென்னையே லைட்சேபர் என்கிற ஒளிவாள் சண்டையில் சாய்க்கிறாள். பழைய படங்களின் ஹீரோ லூக் இரண்டாவது படத்தில் ஒரு கையையே இழந்தான், இவள் முதல் படத்திலேயே ஜெயித்துவிட்டாள் என்று அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை பேசினோம்.

போன வருஷம் மே லீவுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு முடித்தவள், ஸ்டார் வார்ஸ் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தபோதுதான் நான் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஆரம்பத்தில் ஜக்கு பாலைவனத்தில் ரே பழைய கப்பலுக்குள் ஏறி இறங்கிப் பொறுக்கிய உதிரிப் பாகங்களைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், கடைக்காரன் கால் பங்கு சாப்பாடுதான் தருகிறான். அந்தப் பொடியைத் தண்ணீரில் போட்டதும் ரொட்டி உப்பி வருகிறது. தின்று முடித்துத் தட்டையும் நக்கிவிட்டு, விழுந்து கிடக்கும் ராட்சத இயந்திரத்தின் நிழலில் யாரோ விட்டுப்போன விமானி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே சுவர் முழுக்கக் கோடுகள், ஒரு நாளுக்கு ஒரு கோடு. மறுநாள் அதே கடைக்காரன் பிபி-8 ரோபோவுக்கு 60 பங்கு சாப்பாடு தருகிறேன் என்று அடுக்கி வைக்கிறான். ரேயின் கை சாப்பாட்டுப் பக்கம் போகிறது, பிறகு ரோபோவை விற்க மாட்டேன் என்கிறாள். "மாமா, அறுபதையும் வேணாம்னுட்டா!" என்று அக்கா மகள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ரே கப்பல் ஓட்டினால் என்ன, கத்தி சுழற்றினால் என்ன, அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பனிக்காட்டுச் சண்டையும் அப்படித்தான். கைலோ அதற்குச் சற்று முன்புதான் பெற்ற அப்பாவைக் கொன்றிருக்கிறான், அப்பாவின் கூட்டாளி சூவ்பாக்கா சுட்ட குண்டு விலாவில் பட்டிருக்கிறது, பனியில் ரத்தம் சொட்டுகிறது, அந்தக் காயத்தைத் தானே குத்திக்கொண்டு சண்டை போடுகிறான். அவளைக் கொல்லாமல் நான் சொல்லித்தருகிறேன் வா என்று வேறு கூப்பிடுகிறான். இதெல்லாம் திரையில் தெளிவாகத்தான் இருக்கிறது, 2015-இல் என் கண்ணில்தான் படவில்லை.

என் குறை இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. 2017-இல் வந்த 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் ரேயின் பெற்றோர் குடிக்கக் காசுக்காக அவளை விற்ற சாதாரண ஆட்கள் என்று கைலோ சொல்கிறான். சுவரில் இத்தனை வருடம் கோடு போட்டுக் காத்திருந்தவளுக்கு அதைவிட அடி என்ன வேண்டும்? எந்த சக்தியாலும் அதை மாற்ற முடியாது. 2019-இல் 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்து அதையும் மாற்றியது, அவள் பழைய படங்களின் வில்லன் பேரரசர் பால்படீனின் பேத்தியாம். அதோடு விட்டார்களா, அவள் கையிலிருந்து பாய்ந்த மின்னலில் கப்பல் வெடித்து சூவ்பாக்கா செத்துவிட்டான் என்று நமக்கு நெஞ்சு அடைக்கிற நேரத்தில், இல்லை அவன் வேறு கப்பலில் இருக்கிறான் என்று சில நிமிடத்தில் காட்டிவிடுகிறார்கள். சி-3பிஓ ரோபோ நினைவை இழக்கிறது, திரும்பக் கிடைக்கிறது. ரேயே சாகிறாள், பென் (கைலோவின் நிஜப் பெயர்) தன் உயிரைக் கொடுத்து எழுப்புகிறான். அந்தப் படம் ஓடும்போது அக்கா மகள் போனை எடுத்துவிட்டாள். முதல் படத்தில் ஒரு தடவைகூட எடுக்காதவள்.

அதனால்தான் கேட்கிறேன். ஹீரோவின் பலத்தால் தீர்க்க முடியாத ஒன்று கதையில் இருக்கும்வரை எவ்வளவு பலம் கொடுத்தாலும் எனக்குச் சரிதான். உங்களுக்கு எந்தப் படம் எந்த இடத்தில் பிடித்தது, எங்கே கை நழுவியது? படத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் அந்தக் காட்சியைச் சொல்லுங்கள்.

* * *

எனக்கு இது சிட்டிதான். 'எந்திரன்' 2010 அக்டோபரில் வந்தபோது காலேஜ் முதல் வருஷம், முதல் நாளே போனோம். குடியிருப்பில் தீப்பிடிக்கும் காட்சியில் சிட்டி நெருப்புக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கி வரும்போதெல்லாம் விசில், காகிதம் பறக்கிறது. அப்புறம் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு அத்தனை பேர் நடுவில், கேமராக்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதற்கு அவள் ஓர் உயிர், காப்பாற்றியாகிவிட்டது, அவ்வளவுதான். வெட்கம் தாங்காமல் ஓடுகிற பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ஐந்து நிமிடம் முன்பு வரை விசிலடித்துக்கொண்டிருந்த மொத்த கூட்டமும் கப்சிப். பக்கத்தில் இருந்த நண்பன் வாயில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

சிட்டியால் ரயிலில் சண்டை போட முடியும், ஆயிரம் பேரை அடிக்க முடியும். ஒரு துணி எடுத்துப் போர்த்த வேண்டும் என்று மட்டும் தெரியாது. அந்த ஒரு குறையிலிருந்துதான் மீதிக் கதை முழுக்க வருகிறது: உணர்ச்சி கொடுக்கிறார்கள், உணர்ச்சி வந்ததும் சனா மேல் காதல் வருகிறது, காதல் கிடைக்காததும் எல்லாம் நாசமாகிறது. கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி தன்னைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டே பேசுகிற காட்சியில் எனக்குக் கண்ணீர் வந்தது, இன்றைக்கும் வரும்.

2018-இல் '2.0' பார்க்க அதே நண்பர்கள் கூடிப் போனோம். செல்போன்களால் ஆன ராட்சதப் பறவை ஒரு பக்கம், சிட்டி ஒரு பக்கம், பிரமாண்டத்தில் குறையே இல்லை. ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது நாங்கள் பேசியது பக்ஷிராஜனைப் பற்றி மட்டும்தான், குருவிகளுக்காக அலைந்து அலைந்து கடைசியில் செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கும் அந்தப் பெரியவரைப் பற்றி. சிட்டியைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இல்லை. அந்தப் படத்தில் அவனுக்குத் தெரியாதது, முடியாதது என்று எதையும் வைக்கவில்லை. பலம் குறைந்தால் இன்னொரு பாகம் மாட்டுகிறார்கள்.

* * *

என்னுடையது பழைய படம். 1978-இல் வந்த 'சூப்பர்மேன்', கிறிஸ்டோஃபர் ரீவ் நடித்தது. அவன் வேற்றுக்கிரகத்தில் பிறந்தவன் என்பதால் இந்தக் கணக்கில் வரும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா மாரடைப்பில் போனார். நான் அப்போது வேலைக்காக வேறு ஊரில் இருந்தேன், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து டிவியில் இந்தப் படம் ஓடியது. கிளார்க் பள்ளிக்கூடப் பையன். பந்தை உதைத்தால் கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போகிறது, ரயிலோடு ஓடி அதை முந்துகிறான். வீட்டுக்கு வந்ததும் வளர்ப்பு அப்பா தோளில் கைபோட்டு, நீ ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் இங்கே வந்திருக்கிறாய் என்கிறார். அடுத்த நிமிடமே அந்த மனிதர் தன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் சரிந்து விழுகிறார். அடக்கம் நடக்கும்போது கிளார்க் அம்மாவிடம் சொல்வது, இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்பதுதான். நான் டிவியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். சக்தி இல்லாத ஒருவன் அதையே சொல்லியிருந்தால் எனக்கு அப்படி இருந்திருக்காது.

மீதியைப் பல மாதம் கழித்துத்தான் பார்த்தேன். கடைசியில் நிலநடுக்கத்தில் அவன் காதலி லோயிஸ் காரோடு புதைந்து செத்துவிடுகிறாள். அவன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பி அவளை எழுப்புகிறான். மனித வரலாற்றில் கைவைக்கக் கூடாது என்று பெற்ற அப்பா விதித்த தடையை மீறுகிறான், அதற்கு என்ன விலை கொடுத்தான்? ஒன்றும் இல்லை. அன்றைக்கு அப்பாவைக் காப்பாற்ற முடியாதவன் என்பதால்தான் இன்றைக்கு மீறுகிறான் என்று என் தம்பி வாதாடுவான், அவன் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. காலத்தைத் திருப்ப முடியும் என்றால் வாசலில் விழுந்த அந்த மனிதர் எதற்காகச் செத்தார்? ஒரே படம், ஒரே ஹீரோ, அதே சக்தி. முதல் ஒரு மணி நேரத்தில் என்னை அழவைத்ததைக் கடைசிப் பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

* * *

முதல் பதிவு எழுதிய அண்ணாவுக்கு: ரேயைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'மேரி சூ' என்று ஒரு முத்திரை குத்துவார்கள், நீங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாததற்கு நன்றி. அது 1973-இல் பாலா ஸ்மித் என்கிற பெண் ஒரு ரசிகர் இதழில் எழுதிய குட்டிக் கதையிலிருந்து வந்தது. 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் எழுதிக் குவித்த கதைகளைக் கிண்டல் செய்ய அவர் உருவாக்கிய பாத்திரம்தான் லெப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரை, படையிலேயே இளையவள், எல்லாம் தெரிந்தவள். ஒரு தடவை ஆபீஸ் மதிய சாப்பாட்டில் ஒருவர் 'ஏலியன்' படக் கதாநாயகி ரிப்ளியையும் மேரி சூ என்றார், எனக்குச் சோறு இறங்கவில்லை. 1986-இல் வந்த இரண்டாம் படத்தில் ரிப்ளி அந்தப் பெரிய சுமைதூக்கி இயந்திரத்துக்குள் நின்று ராணி ஏலியனோடு மோதுவாள். அதற்கு வெகு நேரம் முன்பே அதே இயந்திரத்தில் அவள் பெட்டி தூக்கி வைப்பதைக் காட்டியிருப்பார்கள். அந்த வேலை அவளுக்குத் தெரியும், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

உண்மையிலேயே மிதமிஞ்சிய பலத்தோடு வருவது 1997-இல் வந்த நான்காவது படத்து ரிப்ளி. ஏலியன் ரத்தம் கலந்த குளோன். கூடைப்பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கமாக எறிந்து வளையத்தில் போடுவாள் (ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் நிஜமாகவே போட்ட பந்து அது). படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஒரு அறை வரும், அவளுக்கு முன்னால் செய்து தோற்றுப்போன ஏழு பிரதிகள் அங்கே இருக்கும். கண்ணாடிக் குடுவைகளில் உருக்குலைந்த உடல்கள். ஏழாவது மட்டும் இன்னும் உயிரோடு படுத்திருக்கும், அவள் முகத்தோடு, என்னைக் கொன்றுவிடு என்று கெஞ்சும். எட்டாம் எண் ரிப்ளி அழுதுகொண்டே நெருப்பு வைப்பாள். அந்த அறைக்குள் அவள் பலத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

* * *

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படம் போடுகிறவனுக்கு ஹீரோ அடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. யாரும் தொட முடியாத ஒருத்தன் நடந்து வருவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம், அதைக் குறை என்று சொல்லாதீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்டதற்காக யோசித்தால், நான் அதிக தடவை பார்த்தது 1991-இல் வந்த 'டெர்மினேட்டர் 2'. அர்னால்டைக் குண்டு துளைக்காது. அவரைக் கட்டிப்போடுவது பத்து வயசுப் பையன் ஜான் போடுகிற ஒரே ஒரு உத்தரவு, யாரையும் கொல்லக் கூடாது. மனநல மருத்துவமனை வாசலில் காவலாளி வழிமறிக்கிறான், அவன் காலில் சுட்டுவிட்டு "பிழைத்துக்கொள்வான்" என்கிறது அந்த இயந்திரம். பிறகு கம்பெனிக் கட்டடத்தின் மாடியில் பெரிய இயந்திரத் துப்பாக்கியோடு நின்று கீழே உள்ள போலீஸ் வண்டிகள் அத்தனையையும் சல்லடையாக்கும். முடிந்ததும் அதன் கண்ணுக்குள் ஓடும் எழுத்தில் மனித உயிரிழப்பு 0.0 என்று வரும். அந்த 0.0 வரும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிலிர்க்கும். அவ்வளவு பலம் வைத்துக்கொண்டு ஒருத்தனையும் கொல்லாமல் இருப்பது கொல்வதைவிடக் கஷ்டமான வேலை, அதைப் படம் சொல்லாமல் காட்டுகிறது.

'மேட்ரிக்ஸ்' முதல் மூன்று படமும் பார்த்தவன் நான். 1999 படத்தில் ஹீரோ நியோ முதல் தாவலில் கீழே விழுந்து வாயில் ரத்தத்தோடு எழுவான், எனக்கு அவன் மேல் பிரியம் வந்தது அங்கேதான். 2003-இல் இரண்டாம் பாகத்தில் வில்லன் ஸ்மித்தின் பிரதிகள் கும்பல் கும்பலாக வந்து மோதும் சண்டை வெகு நேரம் ஓடுகிறது, கடைசியில் நியோ பறந்து போய்விடுகிறான். அதை முதலிலேயே செய்திருக்கலாமே. சரி என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த இரண்டு கதவு: ஒன்றில் போனால் மனிதகுலம், இன்னொன்றில் போனால் அவன் காதலி ட்ரினிட்டி. பறப்பதெல்லாம் அங்கே உதவாது, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆக நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி, சிட்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நேற்றே அந்தத் தீக்காட்சியை மறுபடி பார்த்தேன். 'சூப்பர்மேன்' எழுதிய சகோதரிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன்.

ஒன்று விட்டுப்போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 181 நிமிடப் படம், அதில் கேப்டன் மார்வெல் வருவது கொஞ்ச நேரம்தான். மற்ற கிரகங்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்புகிறார், கடைசிச் சண்டையில் வந்து வில்லன் தானோஸின் பெரிய கப்பலை ஒரே பாய்ச்சலில் உடைக்கிறார். தியேட்டரில் கைதட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது, அவரை அறைக்குள் வைத்துக்கொண்டு கதை சொல்ல வழி தெரியாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் பெரிய மனுஷர் வந்தால் திண்ணையோடு பேசி அனுப்புவது மாதிரி. அவரால் முடியாதது என்ன என்று தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

'டியூன்' இரண்டாம் பாகத்தில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஹீரோ பால் வருங்காலத்தையே பார்க்கிறான், எதிரியைக் கத்திச் சண்டையில் கொல்கிறான், பேரரசர் முழங்காலிட்டு மோதிரத்தில் முத்தமிடுகிறார். அவன் பெயரால் புனிதப் போருக்குக் கப்பல்கள் கிளம்புகின்றன. அவன் காதலி சானி மட்டும் வெளியே நடந்து போய், பாலைவனத்தில் தனியாக நின்று ராட்சத மணற்புழுவைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறாள். அந்த லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது இதையும் போட்டேன். அக்கா மகள் கேட்டாள், "ஜெயிச்சுட்டான்ல மாமா, அப்புறம் ஏன் அவ அழுறா?" நாவலின் அடுத்த பாகத்தில் அந்தப் போரில் 6,100 கோடிப் பேர் செத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை, இந்த லீவுக்கு வரும்போது கேட்டால் சொல்கிறேன்.